பார்க்கறதுக்கு மட்டும் எண்ணூறு ரூபாயா?

முன்குறிப்பு: நான் மெக்கானிக் இல்லை. பி.காம் மூணாவது வருஷம். ஸ்பேனர் பிடிச்ச கை இல்லை, கால்குலேட்டர் பிடிச்ச கை. "பேலன்ஸ் ஷீட் போடறவனுக்கு கேம் ஷாஃப்ட் பத்தி என்னடா பேச்சு"ன்னு கேக்க நினைக்கிற நம்ம கிளாஸ் நண்பர்கள் கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறமாத் திட்டவும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

காய்ச்சல்னு டாக்டர்கிட்ட போறோம். நாக்கை நீட்டச் சொல்றார், நெஞ்சுல வெச்சுப் பார்க்கறார், "ஒண்ணுமில்லை, கஞ்சி குடிங்க"ன்னு அனுப்பறார். ஃபீஸைக் குடுத்துட்டு நிம்மதியா வீட்டுக்கு வர்றோம். ஜாதகக் கட்டைப் பார்த்துட்டு "இப்ப எதுவும் பண்ண வேண்டாம், ஆடி கழியட்டும்"னு சொல்ற ஜோசியருக்கு வெத்தலை பாக்கோட தட்சணை வைக்கிறோம். ஆனா ஒரு கார் மெக்கானிக் "என்ன பிரச்சனைன்னு பார்த்துச் சொல்றேன், அதுக்கு இவ்வளவு ஆகும்"னு சொல்லிட்டாப் போச்சு, அவன் திருடன். எதையாவது கழட்டி மாத்தினாத்தான் அவனுக்குக் காசு. மாத்தாம மூளையை மட்டும் உபயோகிச்சா அது இலவசம்.

டைமிங் பெல்ட் அறுந்து, வால்வு வளைஞ்சு, முக்கால் லட்சம் போச்சுன்னு யாராவது புலம்பினா எல்லாரும் மெக்கானிக்கைத் திட்டறாங்க, இல்லைன்னா கார் கம்பெனியைத் திட்டறாங்க. நான் திட்டப் போறது வண்டிக்காரங்களை. அதுலயும் முதல்ல என்னை.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) தாராபுரத்துல ஒரு டூரிஸ்ட் கார் ஓட்டறார். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின டீசல் வண்டி, நாலு சிலிண்டர், எட்டு வால்வு. எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை, தப்பு வண்டி மேல இல்லை. வரவு செலவு கணக்கு எழுதறது நான். 2023 நவம்பர்ல வண்டி காலையில ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்க ஆரம்பிச்சுது. மேடு ஏறும்போது இழுவை இல்லை, பின்னாடி கரும்புகை. முதல் பட்டறையில பானெட்டைத் தூக்கினதும் "நாசில் சர்வீஸ்"னு தீர்ப்பு. பார்த்ததுக்குக் காசு வாங்கலை, ரொம்ப நல்ல மனுஷன். நாசில் வேலைக்கு 14,000. ஒரு வாரம் நல்லா ஓடின மாதிரி இருந்துது, அப்புறம் பழைய கதை. ரெண்டாவது இடத்துல ஸ்கேனர் போட்டாங்க. பி 0016னு ஒரு கோட் வந்துது. "கேம் சென்சார் போயிடுச்சு"ன்னு சொல்லி 4,500க்குப் புதுசு போட்டாங்க. மூணாம் நாள் அதே கோட், அதே புகை.

மூணாவதா ஒரு வயசான மெக்கானிக்கிட்ட போனோம். சின்னப் பட்டறை, வாசல்ல வேப்பமரம், போர்டு கூட இல்லை. சாவியை வாங்கி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினார், காது குடுத்துக் கேட்டார், அணைச்சுட்டார். "முன்னாடி கவரைக் கழட்டி பெல்ட் மார்க்கைப் பார்க்கோணுங்க. நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் போடோணும். அரைநாள் வேலை. எதையாச்சும் மாத்தறதா இருந்தா அப்புறம் பேசிக்கலாம். பார்க்கறதுக்கு எண்ணூறு ஆகுங்க"ன்னார்.

மாமா என் மூஞ்சியைப் பார்த்தார். நான் அவரைத் தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சொன்ன வாக்கியம்தான் மேல தலைப்பா இருக்கு.

கிளம்பி வந்துட்டோம். பதினோரு நாள் கழிச்சு, 2024 ஜனவரி. தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பழனி ரோட்டுல வண்டி திடீர்னு அமைதியாகி ஓரம் ஒதுங்கிடுச்சு. மாமா எனக்குத்தான் போன் பண்ணினார். "செல்ஃப் அருமையாச் சுத்துது மாப்ளே, பேட்டரியெல்லாம் நல்லாத்தான் இருக்குது, ஆனா ஸ்டார்ட் ஆகலை"ன்னு போனை இஞ்சின் பக்கம் பிடிச்சார். விர்ர்ர்னு லேசா, தங்கு தடையில்லாம ஒரு சத்தம். நான் என்ன சொன்னேன்? "திரும்ப அடிங்க மாமா."

அந்த விர்ர்ருக்கு என்ன அர்த்தம்னு இப்பத் தெரியும். நல்ல இஞ்சின்ல செல்ஃப் அடிச்சா மூச்சு வாங்கி வாங்கித்தான் சுத்தும். ஒவ்வொரு பிஸ்டனும் மேல வந்து காத்தை அமுக்கற இடத்துல செல்ஃப் கொஞ்சம் திணறும். அந்தத் திணறல்தான் உயிர். ஒரு சிலிண்டர்ல மட்டும் அமுக்கம் போயிருந்தா நொண்டி நடக்கிற மாதிரி ஒரு இடத்துல தாளம் தப்பும். எல்லாத்துலயும் போயிருந்தா மிக்ஸி மாதிரி ஒரே சீராச் சுத்தும். ஓடிட்டு இருந்த வண்டி சட்டுனு நின்னு, அப்புறம் செல்ஃப் இப்படி லேசாச் சுத்துதுன்னா முதல் சந்தேகம் டைமிங் பெல்ட் மேலதான். அதுக்கு மேல ஒரு தடவை கூட சாவியைத் திருப்பக் கூடாது. நாங்க ஆறு தடவை திருப்பினோம்.

ஏன் கூடாதுன்னா, கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தணும். அந்த ஒப்பந்தத்தைக் காப்பாத்தறது பெல்ட்டு (இல்லைன்னா செயின்). 3,000 ஆர்பிஎம்ல ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 25 தடவை திறந்து மூடுது. நிறைய இஞ்சின்கள்ல, டீசல்ல கிட்டத்தட்ட எல்லாத்துலயும், வால்வு கீழ இறங்கற இடமும் பிஸ்டன் மேல வர்ற இடமும் ஒண்ணுதான். வேற வேற நேரத்துல வர்றதால இடிச்சுக்கறதில்லை. ஒரே பென்ச்சுல காலை ஷிஃப்ட்டும் மாலை ஷிஃப்ட்டும் உக்கார்ற மாதிரி. பெல்ட் அறுந்தா கேம் நின்னுடும், பாதி திறந்த வால்வு அப்படியே தொங்கும், பிஸ்டன் வந்து மோதும். வண்டி நிக்கறதுக்குள்ள முதல் அடி விழுந்திருக்கும். தப்பிச்ச வால்வு ஏதாவது இருந்தா, மீதியை நாம சாவி போட்டுப் போட்டு அடிச்சுக் குடுக்கறோம்.

வண்டியைக் கட்டி இழுத்துட்டு அதே வேப்பமரத்தடிக்குத்தான் போனோம். வெக்கமா இருந்துது. அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசலை, அதுதான் இன்னும் வலிச்சுது.

ஹெட்டை இறக்கினா எட்டு வால்வுல ஆறு வளைஞ்சிருந்துது. வால்வு, கைடு, ஹெட் ஃபேஸிங், கேஸ்கெட், பெல்ட் கிட், லேத் கூலி எல்லாம் சேர்த்து 72,400. ஏற்கெனவே தண்டமாப் போன 18,500ஐச் சேர்த்தா 90,900. இருபத்து மூணு நாள் வண்டி ஓடலை. தைப்பூசம், தை மாசக் கல்யாணம், வருஷத்துலேயே நல்ல சீசன் அது. ஈஎம்ஐ மட்டும் நிக்கலை, அத்தையோட வளையல் அடகுக்குப் போச்சு. எண்ணூறு ரூபாயை மிச்சம் பிடிச்ச கணக்குப்பிள்ளை நான்தான்.

அந்த இருபத்து மூணு நாள்ல பாதி நாள் நான் அந்தப் பட்டறையிலதான் கிடந்தேன். அங்க கத்துக்கிட்டதை வெச்சுத்தான் இந்தச் சண்டை.

அவர் அறுந்த பெல்ட்டை ஒரு நியூஸ் பேப்பர் மேல விரிச்சு வெச்சார். உள்ளங்கை அகலத்துக்குப் பல்லெல்லாம் மழிஞ்சு போயிருந்துது. "பெல்ட் போச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க தம்பி. பெல்ட் ஏன் போச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க"ன்னார். பல்லு ஒரே இடத்துல மொத்தமா மழிஞ்சிருந்தா வழியில ஏதோ ஒண்ணு சுத்தாம இறுகியிருக்குன்னு அர்த்தம். ஓரம் மட்டும் பிஞ்சிருந்தா புல்லி நேரா இல்லை. ஆயில் ஊறி உப்பியிருந்தா கேம் சீலோ கிராங்க் சீலோ கசியுது. கத்தியால வெட்டின மாதிரி நேரா அறுந்திருந்தா மாட்டும்போதே யாரோ பெல்ட்டை மடக்கி முறிச்சிருக்காங்க. எங்க வண்டியில தண்ணி பம்ப்பும் அதே பெல்ட்லதான் சுத்துது. அதோட பேரிங் ஆட்டம் குடுத்து, கூலன்ட் கசிஞ்சு, காய்ஞ்ச கறை கவர் உள்பக்கம் பூரா இருந்துது. பம்ப் இறுக இறுக பெல்ட் முதல்ல ஒரு பல்லு தாண்டியிருக்கு. அதுதான் நவம்பர்ல வந்த புகை. கவரைப் பிடிச்சிருக்கற நாலு போல்ட்டைக் கழட்டியிருந்தா கறையும் தெரிஞ்சிருக்கும், மார்க் விலகினதும் தெரிஞ்சிருக்கும்.

ஒரு பல்லு தானேன்னு நினைக்காதீங்க. கிராங்க் புல்லியில 20 பல்லு இருந்தா ஒரு பல்லுக்கு 18 டிகிரி. வண்டி ஓடும், ஆனா அவஸ்தையோட ஓடும். அந்த அவஸ்தையைத்தான் நாசில்னும் சென்சார்னும் பேர் வெச்சு வித்தாங்க.

அந்த பி 0016 சமாச்சாரத்துக்கு வர்றேன், ஏன்னா அதுல எனக்குத் தீராத கோபம். அந்தக் கோட் "கேம் சென்சார் கெட்டுப் போச்சு"ன்னு சொல்லவே இல்லை. கிராங்க் சொல்ற கணக்கும் கேம் சொல்ற கணக்கும் ஒத்துப் போகலைன்னுதான் சொல்லுது. நம்ம பாஷையில சொன்னா ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகலை. டேலி ஆகலைன்னா உடனே கால்குலேட்டரை மாத்தறவனை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? சென்சாரும் கெட்டிருக்கலாம், வயரும் அறுந்திருக்கலாம், இல்லைன்னு சொல்லலை. ஆனா பெல்ட் தாண்டியிருக்கான்னு பார்க்கறதுக்கு முன்னாடி சென்சாரை மாத்தறது, வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ளிட்டு ஆடிட்டர்கிட்ட பல்லைக் காட்டற வேலை.

அப்போ ஒழுங்காப் பார்க்கறதுன்னா என்ன? பெரிய ராக்கெட் சயின்ஸ் எல்லாம் இல்லை. கவரைக் கழட்டி மார்க்கைப் பார்க்கறது முதல் வேலை. கையால ஸ்பேனர் போட்டு கிராங்க்கை மெதுவாச் சுத்திப் பார்க்கணும், எங்கேயாவது இடிச்சு நின்னா அதுக்கு மேல பலம் குடுக்கக் கூடாது. அடுத்தது கம்ப்ரஷன். நாலு சிலிண்டருக்கும் நாலு நம்பர். ஒண்ணு மட்டும் குறைஞ்சா அந்த வீட்டுப் பிரச்சனை, பக்கத்துப் பக்கத்து ரெண்டு சேர்ந்து குறைஞ்சா நடுச்சுவர், அதாவது ஹெட் கேஸ்கெட். பெட்ரோல் வண்டின்னா குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பாங்க. நம்பர் ஏறினா ரிங் தேஞ்சிருக்கு, ஏறலைன்னா வால்வையும் கேஸ்கெட்டையும் சந்தேகப்படணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் இன்னொண்ணு. பிஸ்டனை மேல கொண்டு வந்து, ரெண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில நிறுத்தி, கம்ப்ரசர் காத்தை சிலிண்டருக்குள்ள விட்டுட்டு, காதை வெச்சுக் கேக்கறது. ஏர் ஃபில்டர் பக்கம் உஸ்ஸுன்னா இன்லெட் வால்வு. சைலன்சர்ல உஸ்ஸுன்னா எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊத்தற மூடியில வந்தா ரிங். ரேடியேட்டர்ல குமிழி வந்தா கேஸ்கெட். காத்து பொய் சொல்றதில்லை. அந்தப் பெரியவர் ஒரு பழைய ஆம்னிக்கு இதைப் பண்ணும்போது என்னைக் கூப்பிட்டு சைலன்சர்கிட்ட குனியச் சொன்னார். நாலு நாளா மூணு பட்டறையில பிளக் மாத்தி, காயில் மாத்தி, மிஸ்ஸிங் நிக்காத வண்டி அது. உஸ்ஸுன்னு எக்ஸாஸ்ட் வால்வு தன் வாயாலேயே ஒத்துக்கிச்சு.

அந்த ஆம்னி எல்பிஜியில ஓடற வண்டி. அதுல ஒரு பாடம் இருக்கு. டேப்பட் சத்தம் கேட்டா நாம பயப்படறோம், சத்தம் இல்லைன்னா "பூனை மாதிரி ஓடுது"ன்னு பெருமைப்படறோம். உண்மையில டிக்டிக்னு அடிக்கிற லூஸ் டேப்பட்டை விட, சத்தமே போடாத டைட் டேப்பட்தான் ஆபத்து. கேஸ்ல ஓடற இஞ்சின்ல வால்வு உக்கார்ற சீட் தேஞ்சு, வால்வு உள்ள இறங்கி, இருக்கிற இடைவெளியும் காணாமப் போயிடும். அப்போ வால்வு முழுசா மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கி வைக்கிற இடமே அந்த சீட்தான். ஒட்டி உக்கார முடியலைன்னா சூடு தங்கி, ஓரம் கருகி, துண்டு பெயர்ந்துடும். ஃபீலர் கேஜ் போட்டு இடைவெளியை அளக்கற வேலை. அதுக்குக் கூலி குடுக்க யாருக்கும் மனசு வராது, ஏன்னா வண்டி அமைதியா ஓடிட்டு இருக்குதே!

கம்ப்ரஷன் கேஜையும் கண்ணை மூடி நம்பிடக் கூடாது. கேம் ஷாஃப்ட்ல வால்வை அமுக்கற முட்டை வடிவ மேடு தேஞ்சு போச்சுன்னு வைங்க. வால்வு நல்லாத்தான் மூடும், நம்பர் பெரும்பாலும் நல்லாத்தான் வரும். ஆனா வால்வு போதுமான அளவு திறக்காது, அந்த சிலிண்டர் மூச்சுத் திணறும். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆனா கணக்குல தப்பே இல்லைன்னு அர்த்தமில்லைன்னு முதல் செமஸ்டர்லயே சொல்லிக் குடுத்தாங்களே, அதே கதை. அதுக்கு டயல் கேஜ் வெச்சு ஒவ்வொரு மேடும் எவ்வளவு தூக்குதுன்னு அளக்கணும்.

இப்போ "எங்க வண்டி செயின், எங்களுக்குக் கவலையில்லை"ன்னு காலரைத் தூக்கி விடறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்விஃப்ட்ல வந்த 1.3 டீசல் செயின், பழைய இன்னோவா 2.5 டீசல் பெல்ட், கிரிஸ்டா 2.4 செயின், பழைய சான்ட்ரோ பெல்ட். இதைத் தெரிஞ்சு வெச்சிருக்கிறது நல்லது. ஆனா செயின் சாகாவரம் வாங்கி வரலை. பிஎம்டபிள்யூ 2007ல கொண்டு வந்த என்47 டீசல்ல செயினை இஞ்சினோட பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமா வெச்சாங்க. அது தேஞ்சு சத்தம் போட்டா மாத்தறதுக்கு இஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாகணும். ஃபோர்டு 1.0 ஈகோபூஸ்ட்ல பெல்ட்டையே ஆயிலுக்குள்ள ஓட விட்டாங்க. நம்ம ஊர் ஈகோஸ்போர்ட்லயும் 2013ல அந்த இஞ்சின் வந்துது. தப்பான ஆயில் ஊத்தினா பெல்ட் தூள் தூளா உதிர்ந்து ஆயில் சல்லடையை அடைச்சுடும். அதே மாதிரி ஆயில்ல ஊறின பெல்ட் வெச்ச பியூஜோ சிட்ரோன் 1.2 பியூர்டெக் இஞ்சினுக்கு 2024ல ஐரோப்பாவுல 10 வருஷம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரைக்கும் பொறுப்பேத்துக்கற நிலைமைக்குக் கம்பெனி வந்துது. எந்த டிசைனா இருந்தாலும் ஒருத்தர் திறந்து பார்த்துத்தான் ஆகணும்.

பழைய இன்னோவாவுல டைமிங் பெல்ட்டுக்குன்னே டேஷ்போர்ட்ல ஒரு லைட் இருக்கு. கிலோமீட்டர் ஆனதும் எரியும். அதை பெல்ட் மாத்தாமலேயே அணைக்கவும் வழி இருக்கு. செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க லைட் எரியலைன்னு சந்தோஷப்படாதீங்க, பெல்ட் மாத்தின பில்லைக் கேளுங்க. கிலோமீட்டர் கம்மியா ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயசு ஏறும், அதனாலதான் மேனுவல்ல வருஷக் கணக்கும் போடறாங்க.

"எண்ணூறு வாங்கிட்டும் அவன் குத்துமதிப்பாத்தான் சொல்லுவான்"னு ஒரு வாதம் வரும்னு தெரியும். நியாயம்தான். அதுக்கு மருந்து காசு குடுக்காம இருக்கறது இல்லை. அளந்ததை எழுதிக் கேளுங்க. நாலு சிலிண்டருக்கு நாலு நம்பர், மார்க் எங்க நிக்குதுன்னு மொபைல்ல ஒரு போட்டோ. எழுதித் தர முடியாதவர்கிட்ட எதையும் மாத்தவும் விடாதீங்க. பார்க்கறதுக்குக் கூலி இல்லாத ஊர்ல, ஸ்பேர் பார்ட்ஸ் வித்தாத்தான் மெக்கானிக் வீட்டுல அடுப்பு எரியும். அவரை அந்த நிலைமையில வெச்சுட்டு, அவர் எதுவும் விக்காம உண்மையைச் சொல்லணும்னு எதிர்பார்க்கறது நம்ம காமர்ஸ் அறிவுக்கே அடுக்குமா?

புது பெல்ட் மாட்டின அன்னிக்கு நடந்ததையும் சொல்லிடறேன். பழைய பெல்ட் மேலயும் புல்லி மேலயும் ஒயிட்னர்ல கோடு போட்டு, அதைப் புது பெல்ட்ல காப்பி அடிக்கிற பழக்கம் நிறையப் பேர்கிட்ட இருக்கு. பழசு ஏற்கெனவே ஒரு பல்லு தாண்டியிருந்தா புதுசும் தாண்டித்தான் உக்காரும். முன்னாடி பென்ச்சுக்காரன் தப்பைப் பார்த்து எழுதி ஃபெயிலான கதை. பெரியவர் கம்பெனி மார்க்கை மட்டும் வெச்சு மாட்டினார். டென்ஷனர், தண்ணி பம்ப், சீல் எல்லாம் புதுசு. அப்புறம் கையால கிராங்க்கை ரெண்டு முழுச் சுத்து சுத்தி, மறுபடி மார்க் வந்து சேருதான்னு பார்த்தார். சேர்ந்துது. அதுக்கப்புறமும் இன்னொரு தடவை ரெண்டு சுத்து. அப்புறம்தான் சாவி.

பில் எழுதும்போது அவர் பார்த்த கூலியைப் போடவே இல்லை. "ஏற்கெனவே நிறையச் செலவாயிடுச்சுங்களே"ன்னார். மாமாதான் பேனாவை வாங்கி, கடைசி வரியில 800னு தன் கையால எழுதிக் குடுத்தார். அன்னிக்கு ராத்திரி டேலியில பதியும்போது அதை ஸ்பேர்லயும் போட முடியலை, ரிப்பேர்லயும் போட முடியலை. "பார்த்த கூலி"ன்னு புதுசா ஒரு லெட்ஜர் திறந்தேன். இப்ப அதுல நாலு என்ட்ரி இருக்கு.